ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான்

நடுவர் அவர்களே, எங்கள் அணியினரே, எனக்கு முன்னால் பேசி அவையில் பாதிப் பேரைக் கண்கலங்க வைத்துவிட்டுப் போன எதிரணிச் சகோதரியே, அனைவருக்கும் வணக்கம்.

நெடுந்தூர மலையோட்டச் சவால்களில் எது வெற்றி என்பதை நேர வரம்பு தீர்மானிக்க வேண்டுமா? வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன். இந்தத் தலைப்பில் எங்கள் பக்கம் நிற்பது கொஞ்சம் கஷ்டம். எதிரணியிடம் மலை இருக்கிறது, மூடுபனி இருக்கிறது, மனித மன உறுதி இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஒரு கைக்கடிகாரம்.

சகோதரி எடுத்த உதாரணத்தையே நானும் எடுத்துக்கொள்கிறேன். பாப் கிரஹாம் ரவுண்ட். இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்டில், கெஸிக் ஊரின் மூட் ஹால் வாசலில் கிளம்பி, 42 மலையுச்சிகளைத் தொட்டு, சுமார் 106 கிலோமீட்டர் சுற்றி, அதே வாசலுக்கு வந்து சேர வேண்டும். ஏறும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 8,200 மீட்டர். எவரெஸ்டின் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இத்தனையும் 24 மணி நேரத்துக்குள். "அந்த 24 எங்கிருந்து வந்தது? யாரோ கணக்குக்கு வசதியாக வைத்த எண்தானே" என்றார் சகோதரி.

இங்கேதான் வரலாறு அவர் காலை வாரிவிடுகிறது. அந்த மலைகளில் முதலில் வந்தது நேரம். சிகரக் கணக்கு பின்னால் வந்தது. கிளம்பிய இடத்துக்கே ஒரு நாளுக்குள் திரும்ப வேண்டும், அதற்குள் எத்தனை உச்சிகளைத் தொடலாம்? கேள்வியே அதுதான். 1905-இல் டாக்டர் ஆர்தர் வேக்ஃபீல்ட் ஒரு பதில் சொன்னார். 1920-இல் யூஸ்டஸ் தாமஸ் அதைத் தாண்டினார். 1932 ஜூனில், கெஸிக்கில் தங்கும் விடுதி நடத்திக்கொண்டிருந்த பாப் கிரஹாம் என்பவர் 42 சிகரங்களை 23 மணி 39 நிமிடத்தில் முடித்தார். வயதுக்கு ஒன்றாக 42 என்று இன்றும் அங்கே கதை சொல்வார்கள். அடுத்த 28 ஆண்டுகளுக்கு அதை யாரும் திரும்பச் செய்து காட்டவில்லை. 1960-இல்தான் ஆலன் ஹீட்டன் 22 மணி 18 நிமிடத்தில் முடித்தார். கேள்வி அதோடு அடங்கிவிட்டதா? 1975-இல் ஜாஸ் நெய்லர் ஒரு நாளுக்குள் 72 சிகரங்கள். 2020-இல் கிம் காலிசன் 78. சிகரக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது; 24 மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. யாரோ வசதிக்கு வைத்த எண் இதில் ஒன்று உண்டென்றால் அது 42 என்று சொல்லுங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன்.

நம் ஊர் சடுகுடுவை நினைத்துப் பாருங்கள். பாடிப் போகிறவன் ஒரே மூச்சில் திரும்ப வேண்டும். மூன்று பேரைத் தொட்டுவிட்டு, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் மூச்சு விட்டுவிட்டான். அவன் வீரன் இல்லையா? வீரன்தான். அவுட்டா? அவுட்தான். மூச்சுக் கணக்கை எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் என்ன மிஞ்சும் என்று சகோதரியிடமே கேட்கிறேன்.

அவர் வைத்த பெரிய அஸ்திரத்துக்கு வருகிறேன். ஒருவர் 42 சிகரங்களும் முடித்து, 24 மணி 3 நிமிடத்தில் மூட் ஹாலைத் தொடுகிறார். "அவரைப் பார்த்துத் தோற்றுவிட்டாய் என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா?" வரும், நடுவர் அவர்களே. ஏனென்றால் அவரே அதைத்தான் சொல்வார். அவர் காலில் பட்ட சேற்றையும் கண்ட சூரிய உதயத்தையும் யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. 42 மலைகளைச் சுற்றி வந்தார் என்பது உண்மை, அது அவருடையது. 24 மணிக்குள் சுற்றி வந்தார் என்பது மட்டும் உண்மையில்லை. பொய்யான ஆறுதலைக் கையில் திணித்தால் அவரைச் சின்னப் பிள்ளையாக்குகிறோம்.

அமெரிக்காவின் டென்னசியில் பார்க்லி மாரத்தான் என்று ஒன்று நடக்கிறது. ஐந்து சுற்று, 60 மணி நேரம். 2017-இல் கேரி ராபின்ஸ் ஆறு விநாடி தாமதமாக வந்து சேர்ந்தார். உலகமே அந்த ஆறு விநாடிக்காக அழுதது. அவர் கடைசியில் வழி தவறி, சுமார் இரண்டு மைல் பாதையை விட்டுவிட்டு வேறு திசையிலிருந்து வந்தார் என்பதைச் சொல்ல மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். அதே பார்க்லியில் 2024-இல் ஜாஸ்மின் பாரிஸ் 59 மணி 58 நிமிடம் 21 விநாடியில் வந்து விழுந்தார். மிச்சம் 99 விநாடி. அதை முடித்த முதல் பெண். பாப் கிரஹாம் ரவுண்டை 2016-இல் 15 மணி 24 நிமிடத்தில் ஓடியவரும் இவர்தான். 60 மணி என்ற கோடு இல்லாவிட்டால் அந்த 99 விநாடிக்கு என்ன அர்த்தம்?

"நேரத்தை வைத்தால் போட்டி புத்தி வந்துவிடும், மலையை ரசிக்க முடியாது" என்றும் ஒரு கட்சி பேசப்பட்டது. நடப்பது அதற்கு நேர் எதிர். ரவுண்டின் வேக சாதனை 1982-இல் பில்லி பிளாண்டிடம் இருந்தது, 13 மணி 53 நிமிடம். 36 ஆண்டு கழித்து கிலியன் ஜோர்னெட் 12 மணி 52 நிமிடம். 2022-இல் ஜாக் குன்ஸ்லி 12 மணி 23 நிமிடம். இவர்கள் பறவைகள், விட்டுவிடுங்கள். 1971-இல் தொடங்கிய பாப் கிரஹாம் கிளப்பில் சேர ஒரே தகுதி, 24 மணிக்குள் முடிப்பது. 14 மணியில் வந்தவரும் உறுப்பினர், 23 மணி 59 நிமிடத்தில் தள்ளாடி வந்தவரும் உறுப்பினர். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தனித்தனியாக இல்லை. ஒரு கோட்டைப் போட்டதால்தான் கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாரும் சமம். கோட்டை அழித்துப் பாருங்கள், மறுநாளே 'நீ எத்தனை மணி, நான் எத்தனை மணி' என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுவோம். வரம்பு இல்லாத இடத்தில் வரிசை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று, இதை யாரும் தொடவில்லை. கிளப்புக்கான சுற்றில் ஒவ்வொரு உச்சியிலும் கூட ஒரு சாட்சி இருக்க வேண்டும். அதனால் கூட ஓட, வழி காட்ட, தண்ணீரும் சாப்பாடும் சுமக்க நண்பர்கள் வருகிறார்கள். த்ரெல்கெல்ட், டன்மெயில் ரெய்ஸ், வாஸ்டேல் ஹெட், ஹானிஸ்டர் என்று பாதை சாலையைத் தொடும் நான்கு இடங்களிலும் சூடான தேநீரோடும் மாற்று சாக்ஸோடும் சிலர் காத்து நிற்கிறார்கள். அதிகாலை மூன்று மணிக்கு, மழையில், அடுத்தவருக்காக! இன்று ஓடுகிறவர் நாளை வேறொருவருக்குச் சுமப்பார், அதுதான் அங்கே எழுதாத வழக்கம். இது எப்படி நடக்கிறது? எல்லாரும் கொடுக்க வேண்டியது ஒரு சனி, ஞாயிறு. 'முடியும்போது முடிப்பேன், நீ மலை மேலே நின்றுகொண்டிரு' என்று சொல்லிப் பாருங்கள், சொந்த மச்சான்கூட வர மாட்டான்.

வயதானவர்களை வரம்பு ஒதுக்குகிறது என்றார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதில் அதே மலையிலேயே இருக்கிறது. வாஸ்டேலில் ஆடு மேய்த்த ஜாஸ் நெய்லரின் பெயரிலேயே ஐம்பது கடந்தவர்களுக்கு ஒரு சவால் உண்டு. பூலி பிரிட்ஜிலிருந்து வாஸ்டேல் வரை 30 சிகரங்கள், சுமார் 77 கிலோமீட்டர். 50 முதல் 54 வயதுக்கு 12 மணி நேரம். வயது ஏற ஏற நேரமும் ஏறும், 65-ஐத் தாண்டினால் 24 மணி. வரம்பைத் தள்ளி வைத்தார்கள், தூக்கி எறியவில்லை. அந்த நெய்லர் 70 வயதில் 70 சிகரங்களை 21 மணிக்குள் முடித்தார் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன், நமக்குத்தான் வெட்கம்.

ஆபத்து பற்றி அவர்கள் சொன்னதில் ஒரு பங்கு உண்மை உண்டு, மறைக்க மாட்டேன். பத்து நிமிடம் பிந்திய ஒருவர் கடைசிச் சிகரமான ராபின்சனின் ஈரச் சரிவில் கொஞ்சம் அவசரப்படத்தான் செய்வார். ஆனால் வாஸ்டேல் ஹெட்டையும் பாருங்கள். மூன்று கட்டம் முடித்து, கால் செத்து, அங்கே வந்து உட்கார்ந்தால் எதிரே யூபேரோ மலை சுவர்போல நிற்கும். ஏராளமானோர் கைவிடும் இடம் அது. கையில் இருக்கும் நேர அட்டவணையைப் பார்த்து, 'இனி கணக்கு வராது' என்று தெரிந்துகொண்டு காரில் ஏறிவிடுகிறார்கள். கடிகாரம் இல்லையென்றால் வீம்பு அவரை இரண்டாவது இரவுக்குள், தூக்கமில்லாமல், இழுத்துக்கொண்டு போகும். எது ஆபத்து?

மணியடிக்க நடுவர் கையை எடுக்கிறார். வேல்ஸைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் சகோதரி துருப்புச் சீட்டாக இறக்கினார். ஸ்னோடோனியாவில் 47 உச்சிகள் கொண்ட பேடி பக்லி ரவுண்டுக்கு நேர வரம்பே கிடையாது. அதை 1982-இல் முதன்முதலில் முடித்தவர் வெண்டி டாட்ஸ் என்ற பெண்மணி, 25 மணி 38 நிமிடத்தில். அவருக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்கிறேன், யாரும் போகாத பாதையை முதலில் போனவருக்கு எந்த வரம்பும் பொருந்தாது. ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? யாரும் சட்டம் போடவில்லை, கிளப் கேட்கவில்லை, தடுப்பாரும் இல்லை. இருந்தும் அந்த ரவுண்டுக்குத் தயாராகிறவர்களில் பெரும்பாலோர் அட்டவணை போட உட்காரும்போது மேலே முதலில் எழுதுகிற எண் 24. எதிரணி யாருக்காகப் பேசுகிறதோ அவர்களே எங்கள் கட்சிக்கு வாக்களித்துவிட்டுத்தான் மலையேறுகிறார்கள். மீதித் தீர்ப்பு உங்களுடையது, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.