வாசலில் கடல், தொட்டிக்கு எந்தத் தண்ணீர்?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் கடல் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது மீனைப் பற்றித்தான். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் எங்கே கிடைக்கும், ஜோடி என்ன விலை என்று கேட்பார்கள். தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு சிரிப்பு வரும். "தண்ணிக்கு என்ன சார் பஞ்சம், வாசல்லதானே கடல் கிடக்கு!" குடிதண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் ராமநாதபுரத்து ஆட்கள் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று சொல்வது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

கடல் கிடக்கிறது, சரி. ஆனால் எந்த இடத்துக் கடல், எந்த மாதத்துக் கடல்? நமக்கு இரண்டு கடல் உண்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மண்டபம், பாம்பன் பக்கத்தில் வடகடல், தென்கடல் என்றே சொல்வோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் கலங்கிக் கிடக்கும், வடகடல் படுத்திருக்கும். வாடை வந்தால் அப்படியே மாறும். அதனால் அன்றைக்கு அமைதியாக இருக்கிற பக்கத்தில் எடுங்கள். தை பிறந்து பங்குனி வரைக்கும் கிடைக்கும் தெளிவான தண்ணீருக்கு ஈடே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எடுக்காதீர்கள். கரையோரத்தில் மழைத்தண்ணீர் கலந்து உப்பு இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மீனுக்குத் தெரியும். படகுத் துறையில் டீசல் மிதக்கும். அக்னி தீர்த்தத்தில் ஆயிரம் பேர் குளித்த தண்ணீர். ஓடை முகத்துவாரமும் இறால் பண்ணை வாய்க்காலும் பேச்சுக்கே இல்லை. தெரிந்த மீனவர் இருந்தால், கரையை விட்டுத் தள்ளிப் போய் வள்ளத்திலிருந்து கேனில் பிடித்து வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கடல் நிறம் மாறுகிற பூங்கோரை. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாக் கரையில் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் கோடிக்கணக்கில் பெருகியதால் வந்தது அது. கடலில் கொஞ்சமாவது நிறம் மாறியிருந்தால் அந்த வாரம் கேனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இனி எனக்குப் பிடித்த கதை. நேரம் எடுத்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்ளுங்கள். பரமக்குடியில் எனக்குத் தம்பி முறை ஒருவர். மகளுக்காகத் தொட்டி வாங்கினார். கடல்நீர் சுமந்துபோக அலுப்பு. செயற்கைக் கடல் உப்பு என்று கடையில் விற்பது விலை அதிகம். "அண்ணே, உப்பு கடல்ல இருந்துதானே வருது? வலிநோக்கத்துல ஒரு மூட்டை வாங்கித் தண்ணியில போட்டா திரும்பக் கடல்தானே?" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் பதில் சொல்லாமல் அவரை உப்பளத்துக்கே கூட்டிப்போனேன். வாரிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பாத்தி பாத்தியாகக் காட்டினார். கடல்நீர் உள்ளே வரும்போது மூன்று டிகிரி. இது சூடு அல்ல, உப்புத் தண்ணீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவு. வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பு அடியில் படிகிறது. அப்புறம் ஜிப்சம், வெறுங்காலோடு இறங்கினால் குத்தும். இருபத்தைந்து டிகிரி வந்த பிறகுதான் உப்பு பூக்கிறது. முப்பதை நெருங்கும்போது மிச்சத் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுகிறார்கள். விடாவிட்டால் உப்பு கசந்துபோகுமாம். "தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க தம்பி" என்றார் பெரியவர். தம்பி வைத்தார். அவர் முகம் போன போக்கை வானொலியில் என்னால் காட்ட முடியாது!

அந்தக் கசப்புதான் மெக்னீசியம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. நாம் சாப்பிடும் உப்பு அதில் பெரும்பங்கு, ஆனால் முழுவதும் அல்ல. மெக்னீசியம் ஏறக்குறைய 1.3 கிராம், கால்சியம் 0.4, பொட்டாசியம் 0.4, இன்னும் சல்பேட், பைகார்பனேட். உப்பளக்காரர் வேலையே இவற்றையெல்லாம் கழித்து உப்பை மட்டும் எடுப்பதுதான். சமையல் உப்பைக் கரைத்துக் கடல் என்பது, உப்புப் போட்ட வெந்நீரை ரசம் என்பது மாதிரி. கடல் மீன் தண்ணீரைக் குடித்து வாழ்கிற உயிர். அது குடிப்பதில் இவை எல்லாம் இருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், கல் உப்போ தூள் உப்போ, தொட்டிக்கு ஆகாது. நம்மூர் போர் தண்ணீரும் அப்படித்தான். உப்புக் கரிக்கும், ஆனால் அது கடலின் கணக்கில் கரிப்பதில்லை.

கடைசியில் தம்பி அந்த விலை கூடின உப்பையே வாங்கினார். கடலுக்குத் தூரத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் வழி. 100 லிட்டருக்கு 3.5 முதல் 4 கிலோ பிடிக்கும். தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து படிந்துவிடும். கரைக்க ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும், பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிப் பாருங்கள், அளவு பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. காவிரிக் கூட்டுக் குடிநீர் என்றால் குளோரின் இருக்கும், அதை முறித்துவிட்டுத்தான் உப்புப் போட வேண்டும்.

கடல்நீர் எடுத்தவர்கள் துணியில் வடிகட்டி, மூடிய பிளாஸ்டிக் டிரம்மில் இரண்டு வாரம் இருட்டில் வைத்துவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். டிரம் ரசாயனம் வந்த டிரம்மாக இருக்கக் கூடாது. செம்புக் குடம், பித்தளைக் குழாய் இரண்டையும் கிட்டே விடாதீர்கள். துளி செம்பு கரைந்தாலும் இறாலும் கடல் தாமரையும் தாங்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் தினமும் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டுந்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றுங்கள், கடல்நீரை அல்ல. தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.023க்கும் 1.026க்கும் நடுவே நின்றால் போதும். அழகுக்காகப் பவளப்பாறை எடுக்காதீர்கள், கரையில் ஒதுங்கிய செத்த துண்டானாலும் சரி. கடல் குதிரையும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டு, வழக்கு வரும். மீன் வாங்குவதானால் பண்ணையில் பொரித்த குஞ்சு கேளுங்கள். வாங்கி வந்த பையை உடனே தொட்டியில் கவிழ்க்காமல், சொட்டுச் சொட்டாக... சரி, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.