கம்பளி கெடுவதும் தேறுவதும் கழுவும் தொட்டியில்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டோடு நாலைந்து செம்மறிகளை வைத்துக்கொண்டு, அவற்றின் ரோமத்தைத் தாமே நூற்றுப் பின்ன ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ராட்டை வாங்கலாம் என்றுதான். ராட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ரோமம் பெரும்பாலும் பாழாவது கழுவும் தொட்டியில். அதனால் இன்றைய நேரத்தில் பெரும்பங்கைத் தொட்டிக்கே கொடுக்கிறேன்.

அதற்கு முன் ஆட்டின் முதுகிலேயே கொஞ்சம் வேலை இருக்கிறது. தீவனம் வைக்கும் இடம் தலைக்கு மேலே இருந்தால், துணுக்கும் விதையும் பிடரியில் கொட்டும். அது கழுவினாலும் போகாது, சீவினாலும் முழுதாகப் போகாது. தீவனத்தை நெஞ்சு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். கத்தரிக்கும் நாளில் ஆடு நனையாமல் இருக்க வேண்டும். வயிறும் காலியாக இருந்தால் அதற்கு மூச்சு முட்டாது. கத்தரி தோலை ஒட்டி ஒரே வீச்சாகப் போகட்டும். கொஞ்சம் விட்டுவிட்டோமே என்று மறுபடி வந்து வெட்டினால் குட்டைத் துணுக்குகள் விழும். பிற்பாடு நூலில் முடிச்சு முடிச்சாக நிற்பவை அவைதான். விட்டது இருந்துவிட்டுப் போகட்டும், ஆட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

வயிறு, கால், வாலடி ரோமத்தைத் தயங்காமல் ஒதுக்குங்கள். மீதியில் பென்சில் பருமனுக்கு ஒரு கற்றையை எடுத்து, இரு முனையையும் இறுகப் பிடித்து, காதருகே வைத்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல ரோமம். சரசரவென்று சத்தம் வந்தால், ஆடு நோயிலோ பட்டினியிலோ கிடந்த நாட்களில் வளர்ந்த பகுதி அங்கே மெலிந்திருக்கிறது. அது அந்த இடத்தில்தான் அறும். அதை நூற்க எடுக்காதீர்கள்.

இனித் தொட்டிக்கு வருவோம். கழுவாத ரோமத்தில் மண் இருக்கிறது, வியர்வை உப்பு இருக்கிறது, லானோலின் என்ற மெழுகும் இருக்கிறது. மெல்லிய ரோமமுள்ள மெரினோ போன்ற இனங்களில் இவை எல்லாம் சேர்ந்து எடையில் பாதியைக்கூட எட்டிவிடும். மண்ணும் உப்பும் பச்சைத் தண்ணீரிலேயே இறங்கும். ஓர் இரவு ஊறினால் போதும். மெழுகு அப்படி இறங்காது. அது உருகவே சுமார் 40 டிகிரி செல்சியஸ் வேண்டும். கை பொறுக்கிற வெந்நீரில் கழுவினால் மெழுகு இளகும், தண்ணீர் ஆறியதும் ரோமத்திலேயே திரும்பப் படியும். காய்ந்த பிறகு விரலில் பிசுபிசுக்கும், சீப்பில் அப்பிக்கொள்ளும். ஆகவே தண்ணீர் 60 முதல் 65 டிகிரி வரை இருக்கட்டும்.

அவ்வளவு சூட்டில் கம்பளி சுருங்கிவிடாதா என்று கேட்பீர்கள். உங்கள் தலையிலிருந்து உதிர்ந்த நீளமான முடி ஒன்றை எடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, நீளவாக்கில் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி ஒரே பக்கமாக நகரும், வேர்முனை முன்னே போகும். திருப்பி வைத்துத் தேய்த்தால் எதிர்ப்பக்கம் நகரும். பொறுமையாகத் தேய்த்துப் பாருங்கள், கண்ணுக்கு நேராகவே நடக்கும். முடியின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பதுதான் காரணம். செம்மறி ரோமத்திலும் இதே செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் இருக்கும்போது கையால் அலசினால், ஒவ்வொரு இழையும் பக்கத்து இழைகளுக்குள் நுழைந்து போகும். வந்த வழியே திரும்பாது. அப்படித்தான் ரோமம் பலகை மாதிரி இறுகிப்போகிறது. அசையாமல் கிடக்கும் இழை எங்கேயும் நுழைய முடியாது. சூடு மட்டும் இருந்தால் கெடாது, அசைவு சேர்ந்தால்தான் கெடும். இதை நினைவில் வையுங்கள்.

செய்முறை இதுதான். அரைக் கிலோ ரோமத்துக்கு 20 லிட்டர் வெந்நீர். முதலில் தண்ணீர், பிறகு பாத்திரம் கழுவும் திரவம். நுரையைப் பார்த்து அளக்காதீர்கள். தண்ணீர் விரலிடையே வழுக்க வேண்டும், அதுதான் அளவு. ரோமத்தைத் தளர்வாக வலைப்பையில் போட்டு, மெல்ல அமிழ்த்தி, மூடிவிடுங்கள். கிண்டக் கூடாது, பிசையக் கூடாது. 15, 20 நிமிடத்தில், தண்ணீர் 45 டிகிரிக்குக் கீழே இறங்குமுன், பையைத் தூக்கி வடியவிடுங்கள். இன்னொரு முறை திரவம் போட்டு, பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீரில், இதே போல. ஒவ்வொரு முறையும் தண்ணீர் முந்தியதன் சூட்டிலேயே இருக்க வேண்டும். சூட்டிலிருந்து திடீரென்று குளிருக்குப் போனால் மிச்ச மெழுகு ரோமத்திலேயே திரும்பப் படியும். குழாய்த் தண்ணீரை மேலே திறந்துவிடுவது குளிர், அசைவு என்ற இரண்டு தவறையும் ஒரேயடியாகச் செய்வதாகும். சலவை சோடா வேண்டவே வேண்டாம். காரம் ரோமத்தை அரிக்கும். கடைசியில் முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் வலைமேல் பரப்புங்கள்.

ஒட்டகக் குடும்பத்து அல்பாகா, அங்கோரா முயல் ஆகியவற்றின் ரோமங்களில் இந்த மெழுகு அநேகமாக இல்லை. மிதமான சூடே போதும். அசைக்காதிருப்பது அவற்றுக்கும் பொருந்தும்.

கடிகாரம் என்னை முந்திக்கொண்டிருக்கிறது. சாயத்துக்கென்று வைத்திருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாயம் நூலில் பிடிக்க, முதலில் நூலைப் படிகாரத் தண்ணீரில் வைக்க வேண்டும்: உலர்ந்த நூல் 100 கிராமுக்குப் படிகாரம் 10 முதல் 15 கிராம். நூலை முன்பே நனைத்து, சிறு தீயில் 80, 85 டிகிரி வரை ஏற்றி, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் வைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். அசைவு பற்றிச் சொன்னதை இங்கேயும் மறக்க வேண்டாம். அந்துப்பூச்சி பற்றி ஒரு வார்த்தை: அழுக்கும் வியர்வையும் உள்ள ரோமத்தைத்தான் அதன் புழு விரும்பித் தின்னும். கழுவிக் காய்ந்ததை மட்டும் மூட்டை கட்டுங்கள். வெளியிலிருந்து வந்த ரோமத்தை உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்துவிட்டு வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். நூற்பு பற்றிப் பேச இன்று நேரமில்லை.

நன்றி, வணக்கம்.