வளைகாப்பு நடத்தலாமா? ஒரு தாயின் கேள்வி

ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: “ஐந்தாம் மாத ஸ்கேனில் என் மகளின் குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை, பிறந்தாலும் தங்காது என்றார்கள். கலைக்க மாட்டேன் என்றுவிட்டாள். இப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு நடத்தலாமா? அவளிடம் என்ன பேசுவது?”

அம்மா, வளைகாப்பை நீங்களும் நானும் முடிவு செய்ய வேண்டாம். மகளைக் கேளுங்கள். வேண்டும் என்றால் நெருங்கிய நாலு பேரோடு வீட்டிலேயே வளையல் அடுக்குங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ‘தங்காத பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம்’ என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அவர்களை வாசலோடு அனுப்புவது உங்கள் வேலை.

இத்தகைய கடுமையான குறைபாட்டுக்கு 24 வாரத்தைத் தாண்டியும் மருத்துவக் குழுவின் முடிவின்படி கலைக்கலாம் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது. இதை மகளுக்கு டாக்டர் ஒருமுறை விளக்கியிருந்தால் போதும். தினமும் ‘இன்னும் யோசி’ என்று நச்சரிக்காதீர்கள். நாளைக்கே அவள் மனம் மாறினாலும் அவள் பக்கமே நில்லுங்கள்.

இக்குழந்தைகளில் சிலர் வயிற்றிலேயே இறந்துவிடுகிறார்கள். உயிரோடு பிறப்பவர்களும் பெரும்பாலும் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாட்கள். எனவே பிரசவத் திட்டத்தை இப்போதே டாக்டரிடம் பேசுங்கள். குழாய் செருகி மூச்சு கொடுக்க முயல்வதா, துடைத்துக் கதகதப்பாகச் சுற்றித் தாயின் மார்பில் வைப்பதா? முடிவை ஃபைலில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இரவுப் பணியில் வேறு டாக்டர் இருப்பார். புருவம் வரை இறங்கும் மெல்லிய பருத்திக் குல்லா ஒன்றையும் எடுத்து வையுங்கள். அதை அணிவித்தபின் முகம்தான் கண்ணில் படும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, பால். குழந்தை போனாலும் இரண்டு மூன்று நாளில் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். சுரப்பை நிறுத்த மாத்திரை இருக்கிறது. பிரசவத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். நம் பாட்டிமார் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியதை 1980களில் வேலூரில் ஆராய்ந்தே பார்த்தார்கள், பால் குறையத்தான் செய்தது!

சற்று நேரமே உயிரோடு இருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருமகனையோ மாமாவையோ அலைய விடுங்கள், அவளை அல்ல.

‘அடுத்த பிள்ளை பிறந்தால் எல்லாம் மறந்துவிடும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவளாகப் பேச்செடுக்கும்போது டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். இக்குறைபாடு மீண்டும் வரும் வாய்ப்பைக் குறைக்க, கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையை வழக்கத்தைவிடக் கூடுதல் அளவில் எழுதித் தருவார்கள்.