ஆர்லிங்டன்: கல்லறைத் தோட்டமான ஒரு பண்ணை

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

வாஷிங்டன் நகருக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் அக்கரை மேட்டில் நிற்கும் ஆர்லிங்டன் மாளிகையைக் காணச் செல்வோரின் கண்ணில் முதலில் படுபவை வெண்ணிறக் கல்லறைக் கற்களே. அந்தச் சரிவுகளில் ஒரு காலத்தில் கோதுமையும் மக்காச்சோளமும் விளைந்தன. ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவிக்குப் பேரனும் அவர் வீட்டிலேயே வளர்ந்தவருமான பார்க் கஸ்டிஸ், தந்தைவழியாக வந்த 1,100 ஏக்கர் நிலத்தில் 1802-இல் வீடு கட்டத் தொடங்கினார். உள்நாட்டுக் கம்பளி பெருக வேண்டும் என்று செம்மறி வளர்த்து, விழா நடத்திப் பரிசும் வழங்கினார். வயலில் உழைத்தவர்களோ அடிமைகள். ஐந்தாண்டுக்குள் அவர்களை விடுவிக்க வேண்டும் என்று உயில் எழுதிவிட்டு அவர் 1857-இல் இறந்தார். மருமகன் ராபர்ட் லீ அதை நிறைவேற்றியது 1862 டிசம்பரில்தான்.

அதற்குள் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, லீ அடிமைமுறையைக் காக்க நின்ற தென்தரப்பில் சேர, 1861 மே மாதத்தில் அமெரிக்க அரசின் வடதரப்புப் படை பண்ணைக்குள் புகுந்துவிட்டது. நிலவரி பாக்கி 92 டாலர் 7 சென்ட். உடைமையாளரே நேரில் வந்து கட்ட வேண்டும் என்று கூறி, லீயின் மனைவி அனுப்பிய உறவினரைத் திருப்பி அனுப்பிவிட்டு, 1864 ஜனவரி ஏலத்தில் அரசே 26,800 டாலருக்கு நிலத்தை எடுத்துக்கொண்டது. இது நேர்மையன்று என்றே நான் கருதுகிறேன். அதே 1864 மே மாதத்தில் முதல் போர்வீரர் அங்கே அடக்கம் செய்யப்பட்டார். லீ குடும்பம் இனித் திரும்பிக் குடியேறக் கூடாது என்று எண்ணிய வடதரப்புப் படையின் ஜெனரல் மெய்க்ஸ், வீட்டையொட்டிய பூந்தோட்டத்தின் ஓரத்திலேயே அதிகாரிகளைப் புதைக்கச் செய்தார்.

1882-இல் உச்ச நீதிமன்றம், அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது செல்லாது என்று லீயின் மூத்த மகனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் அவர் 1,50,000 டாலருக்கு நிலத்தை அரசுக்கே விற்றார். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1863-இல் அதே பண்ணையில் உருவான ஊர், பள்ளியும் மருத்துவமனையும் கண்டு, 1900-இல் கலைக்கப்பட்டது.

அந்தப் பண்ணையில் அடிமையாகப் பிறந்து, முதல் கல்லறைகளைத் தோண்டியவர் ஜேம்ஸ் பார்க்ஸ். 1920-களில் மாளிகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முனைந்தபோது, கிணறு எங்கே, அடிமைகளின் குடில்கள் எங்கே, பழைய பாதைகள் எங்கே என்று காட்டியதும் அந்த முதியவரின் நினைவுதான். 1929-இல் அவர் மறைந்தபோது அங்கேயே அடக்கம் செய்தார்கள். அந்த மண்ணிலேயே பிறந்து அதிலேயே புதைக்கப்பட்டவர் என்று அக்கல்லறைத் தோட்டத்தில் குறிப்பிடப்படுபவர் அவர் ஒருவரே.