காட்சியின் ஓரத்தில் நிற்பவை

அனைவருக்கும் வணக்கம்.

சினிமாவும் சீரியலும் மக்களைக் கெடுக்கின்றனவா, திருத்துகின்றனவா என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். இரண்டும் நடக்கிறது. அதில் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. அது எந்த வழியாக நமக்குள் நுழைகிறது என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன். கதை எழுத வந்திருக்கும் இளைஞர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால், எனக்கு நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு தொடருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு காட்சியில் கணவன் கோபத்தில் மனைவியை அறைந்துவிடுவான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் அவன் மனம் வருந்தி அருகில் வர, அவள் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிடுவாள். காட்சி நன்றாக எடுபட்டது. சில நாள் கழித்து ஒரு மாடிப்படியில் இரண்டு குழந்தைகள் 'வீடு' வைத்து விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பையன் கையை ஓங்கினான். அந்தப் பெண் குழந்தை கன்னத்தைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பி, மூன்று நொடி அசையாமல் நின்றாள். அந்த மூன்று நொடி எனக்குத் தெரியும். பின்னணி இசைக்காக எடிட்டிங்கில் நாங்கள் விட்ட இடைவெளி அது. அப்புறம் அவள் சிரித்தாள்.

அந்தத் தொடரின் கதை என்ன தெரியுமா? ஒரு பெண் படித்து முன்னேறும் கதை. அதற்காகப் பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருந்தேன். அதில் ஒரு வரிகூட அந்தக் குழந்தையிடம் போய்ச் சேரவில்லை. நான் யோசிக்காமல் எழுதிய அறைதான் போய்ச் சேர்ந்தது.

இதை ஆய்வுக்கூடத்தில் பார்த்தவர் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மை ஒன்றை அடிப்பதைச் சிறு குழந்தைகள் பார்க்கும்படி செய்தார்கள். பிறகு அதே பொம்மையோடு விடப்பட்டபோது, குழந்தைகள் பலர் அடித்தது மட்டுமில்லை, அடித்தவர் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே சொன்னார்கள். 1963-இல் அதையே படம் பிடித்துத் திரையில் காட்டிய போதும் குழந்தைகள் அதே மாதிரி செய்தார்கள். பொம்மையை அடிக்கிற குழந்தை நாளைக்கு மனிதரை அடிக்குமா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கிறார்கள் பாருங்கள். வார்த்தை, கை வீச்சு, எல்லாம்!

பெரியவர்கள் இப்படி இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிரேசிலைப் பாருங்கள். அங்கே 1965-இல் குளோபோ தொலைக்காட்சி தொடங்கியது. அதன் இரவுத் தொடர்களை நாடே உட்கார்ந்து பார்த்தது. 1960-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல் இருந்த நாட்டில், 2000-இல் அது இரண்டரைக்கும் கீழே வந்துவிட்டது. படிப்பு, நகரம், வேலை என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் வேறொன்றையும் கவனித்தார்கள். குளோபோ ஒளிபரப்பு எட்டிய பகுதிகளில் பெண்கள் பெற்ற குழந்தைகள் குறைந்திருந்தன. 1965 முதல் 1999 வரை வந்த தொடர்களை எடுத்துப் பார்த்தால், ஐம்பது வயதுக்குட்பட்ட முக்கியப் பெண் பாத்திரங்களில் 72 சதவீதம் பேருக்குக் குழந்தையே இல்லை, 21 சதவீதம் பேருக்கு ஒரே குழந்தை. பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் பாத்திரங்களின் பெயரை வைப்பதும் அந்தப் பகுதிகளில் அதிகமாக இருந்தது.

குடும்பத்தைச் சுருக்குங்கள் என்று நாட்டுக்குச் சொல்லவா அத்தனை எழுத்தாளர்களும் உட்கார்ந்திருப்பார்கள்? எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கைக்குழந்தையோடு ஒரு கதாநாயகியை நான்கு காட்சி நகர்த்திப் பாருங்கள், சிரமம் புரியும். காதல், துரோகம், பழிவாங்கல் எல்லாவற்றுக்கும் அவள் கை காலியாக இருக்க வேண்டும். நமக்கு அது எழுத்து வசதி. பார்க்கிறவருக்கோ, நல்ல வீட்டில், நல்ல உடையில் இருக்கிற பெண் இப்படித்தான் இருப்பாள் என்ற படம் மனதில் விழுந்துவிடுகிறது. திரும்பத் திரும்பப் பார்த்ததுதான் 'வழக்கம்' ஆகிறது.

சில படைப்பாளிகளுக்கு இது பிற்பாடு உறைத்தது. சுறாவை வில்லனாக்கி 1974-இல் 'ஜாஸ்' நாவலை எழுதியவர் பீட்டர் பெஞ்ச்லி. அடுத்த வருடம் அது படமாக வந்து உலகமே கடலில் கால் வைக்கப் பயந்தது. உலகம் முழுக்கச் சேர்த்தே, தூண்டப்படாத சுறாத் தாக்குதலில் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்தாறு பேர்தான் இறக்கிறார்கள். சுறாக்கள் குறைந்ததற்கு வணிக மீன்பிடிப்புதான் பெரிய காரணம் என்றாலும், கொல்லப்பட வேண்டிய மிருகம் என்ற எண்ணத்தில் தன் பங்கு உண்டு என்று பெஞ்ச்லி வருந்தினார். வருந்தியதோடு நிற்கவில்லை. 2006-இல் இறக்கும்வரை சுறாப் பாதுகாப்புக்காக எழுதினார், பேசினார். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இன்று கைப்பேசியில் வீடியோ போடுகிற பிள்ளைகளுக்கும் இது பொருந்தும், சொல்லப்போனால் கூடுதலாகவே பொருந்தும். திரையில் நம்மைப் பார்த்துப் பேசுகிறவர் நம் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுகிறார் என்று ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956-லேயே எழுதினார்கள். சொந்தக்காரர் சொன்னால் நாம் சரிபார்ப்பதில்லை.

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1993-இல் ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி தொடங்கியது. நல்ல பாட்டு, கலகலப்பான பேச்சு. இளைஞர்கள் விரும்பிக் கேட்டார்கள். அந்தக் கலகலப்போடுதான் அங்கே சிறுபான்மையினரான டுட்ஸி இன மக்கள்மேல் வெறுப்பும் வீட்டுக்குள் வந்தது. 1994-இல் சுமார் நூறு நாளில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது, யாரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று அதே வானொலி அறிவித்துக்கொண்டிருந்தது.

பத்து வருடம் கழித்து அதே நாட்டில், அதே வானொலிப் பெட்டியில், 'முசெகெவேயா' என்ற நாடகத் தொடர் வந்தது. புதிய விடியல் என்று பொருள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள், அவற்றுக்குள் மூண்ட பகை, பகைக்கு நடுவே ஒரு காதல். எலிசபெத் லெவி பலக் என்ற உளவியலாளர் ஒரு வருடம் சில ஊர்க்காரர்களுக்கு இதையும், வேறு சில ஊர்க்காரர்களுக்கு உடல்நலம் பற்றிய வேறொரு நாடகத்தையும் கேட்க வைத்து ஒப்பிட்டார். இதைக் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் 'நம்மவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள், எதை வெளிப்படையாகப் பேசலாம்' என்ற எண்ணம் மாறியிருந்தது.

கடைசி நாளில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டேப் ரிக்கார்டரும் நாடகக் கேசட்டுகளும் பரிசாகக் கொடுத்தார்கள். உடல்நல நாடகம் கேட்ட ஊர்களில் அதை ஊர்ப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடலாம் என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். முசெகெவேயா கேட்ட ஊர்களிலும் யாரோ அதையே சொன்னார்கள். அங்கே மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டியை எப்படிப் பகிர்ந்துகொள்வது, பேட்டரியை யார் பொறுப்பில் விடுவது என்று எல்லோரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள்.