பாலஸ்தீனத்தில் வேலைக்குப் போவோரும் கணக்கில் வராதோரும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன் செறிவானதோர் உரை நிகழ்த்தி அமர்ந்திருக்கும் பொருளியல் பேராசிரியர் அவர்களே, பணிச்சுமைக்கு இடையிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி அவர்களே, இந்த அரங்கைக் கட்டணமின்றி அளித்த நூலக ஆட்சிக்குழுவினரே, கட்டிடத் தொழிலாளர் சங்கத் தோழர்களே, அங்கன்வாடி ஊழியர் சகோதரிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தொழிலாளர் பிரச்சினை என்றால் உள்ளூர்க் கூலியோடு நின்றுவிடாமல், கடல் கடந்த ஒரு மக்களின் உழைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கருதி இக்கூட்டத்தைக் கூட்டிய அவைத்தலைவருக்கு என் நன்றியைத் தனியே தெரிவித்துக்கொள்கிறேன்.

பாலஸ்தீன மத்தியப் புள்ளியியல் நிறுவனம் ரமல்லாவில் இருந்துகொண்டு 1995 முதல் தொழிலாளர் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய போருக்கு முந்தைய 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 15 வயது நிறைந்த ஆண்களில் நூற்றுக்கு 71 பேர் வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். பெண்களிலோ நூற்றுக்கு 19 பேர்தாம். அப்படி வந்த பெண்களிலும் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு வேலை கிடைக்கவில்லை. ஆண்களில் அது 20 விழுக்காடு. இத்தனைக்கும் அங்கே பல்கலைக்கழக வகுப்புகளில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. சமய வழக்கம்தான் காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. பள்ளிப்படிப்போடு நின்ற பெண்களைவிடப் பட்டம் பெற்ற பெண்கள் பல மடங்கு மிகுதியாக வேலை தேடி வருகிறார்கள். வழக்கம் மட்டுமே தடையென்றால் பட்டதாரியையும் அது வீட்டிலேயே நிறுத்தியிருக்கும்.

மூன்று காரணங்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒன்று, ஆண்களின் வேலையைத் தீர்மானிக்கும் பெர்மிட்டும் சோதனைச் சாவடியும். இரண்டு, பெண்களின் மேல் விழும் வீட்டுப் பொறுப்பு. மூன்று, கூலிச் சட்டம். மூன்றிலும் ஒரே கதைதான் நடக்கிறது. ‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை’ என்று நான் தொழிலாளர் வகுப்புகளில் ஓயாமல் சொல்லும் பழமொழி, பாலஸ்தீனத்துக்குப் பொருந்துவதைப் போல வேறெங்கும் பொருந்தாது.

1967 போரில் மேற்குக் கரையும் காசாவும் இஸ்ரேலின் பிடிக்குள் வந்தபின், இஸ்ரேலின் கட்டிடப் பணிகளும் பண்ணைகளும் பாலஸ்தீன ஆண்களை ஈர்த்தன. 1987இல் இஸ்ரேலின் பிடிக்கு எதிராகப் பாலஸ்தீனரின் முதல் எழுச்சி வெடித்தபோது, அவர்களுள் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போய்வந்தார்கள். 1991 முதல் தனித்தனி பெர்மிட் கட்டாயமாயிற்று. 1993இல் எல்லை மூடல் வந்தது. 2002இல் தடுப்புச் சுவர் எழத் தொடங்கியது. உள்ளூர்க் கூலியைப் போல் இருமடங்குக்கும் மேல் அங்கே கிடைத்ததால், பள்ளியைப் பாதியில் விட்டுச் சென்ட்ரிங் வேலைக்கும் கம்பி கட்டவும் போன பையன்கள் பலர்.

2023 போருக்கு முன், மேற்குக் கரையிலிருந்து இஸ்ரேலுக்குள் நுழையும் தர்கூமியா சாவடி வழியாகப் போய்வந்த ஒருவருடைய நாளை, அங்கிருந்து வந்திருக்கும் எத்தனையோ அறிக்கைகளிலும் வாக்குமூலங்களிலும் படித்தபடி சொல்கிறேன். கொத்தனார் தோழர்கள் கூர்ந்து கேளுங்கள். ஹெப்ரான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருடைய வீடு. இரவு இரண்டரை மணிக்கு அவருடைய மனைவி எழுகிறார். ரொட்டியைச் சூடாக்கி, ஆலிவ் எண்ணெயும் தைம் என்ற மூலிகைப் பொடியும் வைத்துக் கட்டித் தருகிறார். வேன் பிடித்து அவர் சாவடிக்கு வரும்போது மணி நான்குகூட ஆகியிருக்காது. அதற்குள் அங்கே ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள். இருபுறமும் கம்பி அடைத்த குறுகிய நடைபாதை. முன்னால் சுழல் கதவு. அது சில நிமிடம் சுழலும், பின் காரணம் சொல்லாமல் நிற்கும். நெரிசல் தாங்காமல் இளைஞர்கள் கம்பிமேல் ஏறுவதும் உண்டு. உள்ளே காந்த அட்டையைக் காட்ட வேண்டும், விரல் ரேகை வைக்க வேண்டும், உணவுப் பொட்டலத்தையும் பிரித்துக் காட்ட வேண்டும். கணினியில் சிவப்பு விளக்கு எரிந்தால் அன்றையக் கூலி போயிற்று. பச்சை எரிந்தால் மறுபுறம் மேஸ்திரியின் வண்டி வரும்வரை சாலையோரத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கண்ணயரலாம். இதற்கும் முன்னதாக, பெர்மிட்டுக்காகத் தரகருக்கு மாதந்தோறும் இஸ்ரேலிய நாணயமான ஷெகலில் இரண்டாயிரத்துக்கு மேல் அழ வேண்டும். வேலை இருக்கிறது, முதலாளி அழைக்கிறார், கையில் தொழில் இருக்கிறது. ஆனாலும் சாவடியும் தரகரும் மனம் வைத்தால்தான் சம்பளம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை, தோழர்களே!

இந்தக் கதையில் இரண்டரை மணிக்கு எழுந்த அந்தப் பெண் எங்கே போனார் என்று உங்களில் யாரும் கேட்கவில்லை. கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது அவர் ‘தொழிலாளர் பங்கேற்புக்கு வெளியே’ இருப்பவர். கணவர் மாலை ஆறு மணிக்குத் திரும்பும்வரை நான்கு குழந்தைகளையும், நோயுற்ற மாமியாரையும், வாரத்தில் சில நாள் மட்டுமே வரும் தண்ணீரையும் அவர் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். ஆணின் வேலைநாள் சாவடியால் பதினாறு மணி நேரமாக நீண்டால், வீட்டில் மீதமுள்ள எல்லாம் பெண்ணின் தலையில் விழுகிறது. ஆணைத் தடுக்கும் சாவடிதான் பெண்ணையும் வீட்டுக்குள் அடைக்கிறது என்பதே நான் இன்று அழுத்திச் சொல்ல வந்தது.

அக்டோபரில் ஆலிவ் அறுவடை வந்தால் தார்ப்பாய் விரித்துக் காய் பறிப்பதிலும் பொறுக்குவதிலும் பெண்கள் முன்னே நிற்கிறார்கள். எண்ணெய் விற்ற பணம் குடும்பத்தலைவரின் பெயரில் வருகிறது. இதே புள்ளியியல் நிறுவனம் 1999-2000இலும் 2012-13இலும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தி, வீட்டுப் பணிக்குப் பெண்கள் எவ்வளவு பொழுதைச் செலவிடுகிறார்கள் என்பதைப் பதிவு செய்தது. அந்தப் பதிவைத் தொழிலாளர் கணக்கோடு ஆண்டுதோறும் சேர்த்து அச்சிட வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. நம் நாட்டில் 2019இல் முதல் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தபோதும் இதையேதான் கேட்டேன்; இனியும் கேட்பேன். பட்டம் பெற்ற பெண்ணுக்குக் குழந்தையை விட ஓர் இடம் இல்லையென்றால், பட்டம் என்ற வரம் கையில் இருந்தும் பயனில்லை. அங்கே குழந்தைகள் காப்பகங்களிலும் மழலையர் பள்ளிகளிலும் வேலை பார்க்கும் பெண்களிலேயே பலருக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைப்பதில்லை.

மூன்றாவதாகச் சொன்ன கூலிச் சட்டத்தை விரித்துரைக்க நேரம் இடம் தரவில்லை. 2022 சனவரி முதல் குறைந்தபட்ச மாதக் கூலி 1880 ஷெகல் என்பதையும், நடைமுறையில் அதற்கும் கீழே பெறுவோர் ஏராளம் என்பதையும் மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியதற்குப் பிறகு பெர்மிட்டுகள் முடக்கப்பட்டன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வாரத்தில் கூலி இழந்தார்கள். அவர்கள் இஸ்ரேலில் விட்டுவந்த சாரங்களில் ஏற 2024 சனவரியில் ரோத்தக்கிலும் லக்னோவிலும் நம் நாட்டு இளைஞர்களுக்குத் தேர்வு நடந்தது. அந்த இளைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வறுமை அவர்களைத் துரத்தியது. ஆனால் யாருடைய இடத்தில் போய் நிற்கிறோம் என்பதை நம் சங்கங்கள் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். காசாவிலோ 2024 நடுவில் வேலையின்மை 80 விழுக்காட்டை நெருங்கியதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது.

அவைத்தலைவர் அவர்களே, இன்றைய தீர்மானத்தின் வரைவை மேடையில் தந்தார்கள், படித்தேன். வேலையிழந்தோருக்கு இழப்பீடு, பெர்மிட் தரகு ஒழிப்பு, காசா மறுகட்டுமானத்தில் உள்ளூர்த் தொழிலாளருக்கே முன்னுரிமை ஆகிய மூன்றையும் முழுமனதோடு வழிமொழிகிறேன். நான்காவதாக ஒரு வரியைச் சேர்த்துத் தர வேண்டுகிறேன்: மறுகட்டுமானப் பணியிடம் ஒவ்வொன்றிலும் குழந்தைகள் காப்பகம் முதலில் கட்டப்பட வேண்டும், அதில் பணிபுரியும் பெண்களுக்குக் கொத்தனாருக்கு இணையான நாள்கூலி தரப்பட வேண்டும். இந்த வரியோடு தீர்மானத்தை வாக்குக்கு விடுங்கள். வணக்கம்.