நொடிக்கு மூன்றரை கிலோபைட்

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைபேசிக் கம்பி வழியே கணினியை இணையத்தோடு சேர்க்கும் டயல்-அப் மோடம் எழுப்பும் ஓசையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். முதலில் எண்கள் விழும் சத்தம். எதிர்முனை எடுத்ததும் நீளமாக ஒரு சீழ்க்கை. பிறகு கரகரவென்று ஓர் இரைச்சல். பிறகு அமைதி. எங்கள் கிராமத்து வீட்டில் பல ஆண்டுகள் இணையத்துக்கு அதுதான் வாசல். காதுக்குத் தொல்லை என்று மோடத்தின் ஒலியை அணைத்து வைப்பவர்கள் உண்டு. நான் அணைத்ததே இல்லை. இன்றைக்கு லைன் எப்படி இருக்கிறது என்ற செய்தி அந்த ஓசைக்குள்தான் இருக்கிறது.

அந்த நீளமான சீழ்க்கையின் அதிர்வெண் 2,100 ஹெர்ட்ஸ். நாம் பேசும்போது எதிரொலி கேட்காமலிருக்கத் தொலைபேசி வலையமைப்பில் சில கருவிகள் வேலை செய்கின்றன. ‘இப்போது வருவது பேச்சு இல்லை, ஒதுங்கிக்கொள்’ என்று அவற்றுக்குச் சொல்லும் ஒலி அது. அடுத்து வரும் கரகரப்பில் இரண்டு மோடங்களும் பல அதிர்வெண்களில் ஒலி அனுப்பி, எது தெளிவாகப் போய்ச் சேர்கிறது, எது வழியிலேயே கரைந்துபோகிறது என்று சோதித்துக்கொள்கின்றன. அதன்பிறகு இரண்டுக்கும் ஒத்துவரும் ஒரு வேகத்தில் நிலைகொள்கின்றன. கரகரப்பு வழக்கத்தைவிட நீண்டால், அல்லது நின்று மறுபடி தொடங்கினால், கம்பியில் ஏதோ கோளாறு என்று எனக்குப் புரிந்துவிடும்.

மோடத்தின் பெட்டியில் 56 கே, அதாவது நொடிக்கு 56,000 பிட், என்று அச்சிட்டிருக்கும். 1998-இல் வந்த வி.90 தரம் அது. எங்கள் வீட்டில் ஒருநாளும் அந்த வேகம் வந்ததில்லை. பெரும்பாலும் 28,800 பிட், மழை பெய்தால் 24,000. நெடுநாள் மோடத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மைக் காரணம் தூரம். வி.90-இன் முழுப் பயனும் கிடைக்க வேண்டுமானால், எதிர்முனைக்கும் நம் வீட்டுக்கும் நடுவே டிஜிட்டல் சமிக்ஞை ஒரே ஒருமுறைதான் சாதாரணத் தொலைபேசி ஒலியாக மாற வேண்டும். ஊர் ஓரத்து வீடுகளுக்குக் கம்பியைச் சிக்கனப்படுத்த இடையில் கருவி வைத்திருந்தால், அந்த மாற்றம் இரண்டுமுறை நடந்துவிடும். அப்போது 33,600-ஐத் தாண்ட வழியில்லை. மிக நீண்ட கம்பிகளில் பேச்சு தெளிவாகக் கேட்பதற்காகக் கம்பிச்சுருள்களும் பொருத்தியிருப்பார்கள். பேச்சுக்கு நல்லதைச் செய்யும் அதே சுருள், பேச்சின் எல்லைக்கு மேலுள்ள அதிர்வெண்களை அடைத்துவிடுகிறது. அந்தச் சுருள் இருக்கும் லைனில், அதே தொலைபேசிக் கம்பியில் வரும் வேகமான இணையமான ஏ.டி.எஸ்.எல். அகலப்பட்டை ஓடாது. சுருளை எடுத்தாலும், தொலைபேசி நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டரைத் தாண்டிய வீட்டுக்கு அது கிடைப்பது அரிது. ஆக, தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. வீட்டுக்குள் இருக்கும் கம்பியை மாற்றலாம்.

ஃபோனை எடுத்து ஒரே ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்று சில நொடிகள் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கவனமாகக் கேளுங்கள். உஸ்ஸென்ற சத்தம் வந்தால் ஏதோ ஓர் இணைப்பு துருப்பிடித்திருக்கலாம், ஈரம் புகுந்திருக்கலாம். ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்டால் மின்கம்பி பக்கத்தில் ஓடுகிறது. எங்கள் லைனில் நொடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்று ஒரு சத்தம். கடிகாரம் மாதிரி, அவ்வளவு ஒழுங்காக. மாடுகள் தாண்டாமலிருக்கப் பக்கத்து நிலத்தில் போட்டிருந்த மின்வேலியின் துடிப்பு அது! ஒவ்வொரு துடிப்புக்கும் மோடம் தடுமாறிக்கொண்டிருந்தது. வேலியில் உரசிய செடிகொடிகளை வெட்டி, அதன் நில இணைப்பைச் சரிசெய்ததும் டிக் சத்தம் மங்கிவிட்டது. அதன்பிறகு, வீட்டுக்குள் லைன் நுழையும் இடத்திலேயே மோடத்தை நேராகச் செருகிப் பார்த்தேன். வேகம் ஏறியது. அறை அறையாக இழுத்திருந்த பழைய எக்ஸ்டென்ஷன் கம்பிகள்தான் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டேன்.

இன்னொன்று கேட்க முரணாக இருக்கும். மோடத்துக்குக் கொடுக்கும் தொடக்கக் கட்டளையில் உச்ச வேகத்தைக் குறைத்து வைத்தேன். 31,200-இல் இணைந்து, தடுமாறி, நின்று, மறுபடி சோதித்து, கடைசியில் அறுந்துபோகும் இணைப்பைவிட, 26,400-இல் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கும் இணைப்பு அதிக வேலை செய்கிறது. லைனில் இருக்கும்போது வேறு அழைப்பு வந்தால் பீப் அடித்துச் சொல்லும் அழைப்புக் காத்திருப்பு வசதி இருந்தால், டயல் செய்யும் முன் அதையும் நிறுத்திவிட வேண்டும். அந்த ஒரு சின்ன பீப் போதும், எல்லாம் அறுந்துவிடும்.

எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, இத்தனை செய்த பிறகும் எனக்குக் கிடைத்தது நொடிக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோபைட். அதற்குள் வாழப் பழகினோம். லைன் திறந்திருக்க வேண்டிய வேலை எது, வேண்டாத வேலை எது என்று பிரித்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. பெரும்பாலான வேலைக்கு லைன் தேவையே இல்லை. கடிதம் படிக்க, பதில் எழுத, கட்டுரை படிக்க லைன் எதற்கு? மின்னஞ்சல் மென்பொருளில் எல்லாப் பதில்களையும் எழுதி வரிசையில் வைத்துவிட்டு, டயல் செய்து, ஒரே மூச்சில் அனுப்பி, வந்ததைப் பெற்றுக்கொண்டு துண்டித்துவிடுவோம். நான்கைந்து நிமிடம். அதன்பிறகு ஃபோன் வீட்டுக்குத் திரும்பிவிடும். அம்மா எதிர்பார்க்கும் அழைப்பும் வரும்.

எழுத்து எவ்வளவு இலேசானது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். இணையத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ‘கி’ என்று எழுதினால் ககரத்துக்கு மூன்று, கொக்கிக்கு மூன்று, ஆக ஆறு பைட். ஆங்கில எழுத்துக்கு ஒன்றே ஒன்று. அப்படியிருந்தும், நான் இப்போது பேசும் இந்த உரை முழுவதும் எழுத்தாக முப்பது கிலோபைட்டுக்குள் அடங்கும். எங்கள் லைனில் எட்டு, ஒன்பது நொடி. சுருக்கி அனுப்பினால் அதிலும் கால்வாசி. இதே உரையை எம்பி3 ஒலியாக, நடுத்தரத் தரத்தில், பத்து நிமிடத்துக்கு அனுப்பினால் ஏறக்குறைய ஐந்து மெகாபைட். அதை இறக்க இருபத்து மூன்று நிமிடம் ஆகும். கேட்பதைப்போல இருமடங்குக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

அதனால் உலாவியில் படங்களை நிறுத்திவைத்தேன். பக்கங்கள் ஓடிவந்தன. சில பக்கங்கள் மட்டும் ஊமையாக நின்றன. பொத்தான், தலைப்பு, முகவரி எல்லாவற்றையும் படமாகவே வைத்துவிட்டு, படத்துக்குப் பதிலாகக் காட்ட ஒரு சொல்கூட எழுதாமல் விட்டிருந்தார்கள். இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அந்த ஒரு சொல், கண் தெரியாதவர் திரை வாசிப்பான் மூலம் கேட்கிற அதே சொல். அதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

டயல்-அப் காலம்தான் போய்விட்டதே என்று சிலர் நினைக்கலாம். பெரிய டயல்-அப் சேவைகளில் ஒன்றாக இருந்த ஏ.ஓ.எல். 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி அதை நிறுத்திக்கொண்டது, உண்மை. ஆனால் கோபுரத்தின் எல்லையில், ஒற்றைக் கோடு சிக்னலில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குக் கிடைப்பதும் பல நேரங்களில் இதே வேகம்தான். இன்றைய வலைப்பக்கம் ஒன்று சாதாரணமாக இரண்டு மெகாபைட்டைத் தாண்டுகிறது. மூன்றரை கிலோபைட் வேகத்தில் அது பத்து நிமிடம். அவருக்கு நீங்கள் ஒரு புகைப்படம் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மெகாபைட் படம் மின்னஞ்சலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு இன்னும் பருத்துவிடும், ஏனென்றால் மின்னஞ்சல் அதை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புகிறது. வந்து சேர இருபத்தைந்து நிமிடம். அதே படத்தின் அகலத்தை 800 புள்ளியாகக் குறைத்தால், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முகங்கள் எல்லாம் தெளிவாக வந்து நிற்கும்.

பெரிய கோப்புகளை இரவுக்கு ஒதுக்கினோம். அறுந்த இடத்திலிருந்து தொடரும் பதிவிறக்க மென்பொருள் இல்லாமல் அந்த வேலையில் இறங்கவே கூடாது. உலாவியும், பக்கங்களை அனுப்பும் கணினியான வழங்கியும் பேசிக்கொள்ளும் முறை எச்.டி.டி.பி. 1997-இல் வந்த அதன் 1.1 பதிப்பில், ‘இந்தப் பைட்டிலிருந்து கொடு’ என்று வழங்கியைக் கேட்க முடியும். அந்த ஒரு வரிதான் எங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றியது.

ஒருமுறை, கணினிக்கான பாதுகாப்புத் திருத்தம் ஒன்று, 60 மெகாபைட். தடையின்றி ஓடினாலே ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் இரவு இருபதில் அறுந்தது. இரண்டாம் இரவு 45 வரை வந்திருந்தபோது தூரத்தில் இடி கேட்டது. வெட்டவெளியில் நீண்டு கிடக்கும் கம்பி மின்னலைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். மோடம் எரிந்தால் போகட்டும், அதோடு கணினியும் போகும். எழுந்து போய் மின்சாரப் பிளக்கையும் தொலைபேசிக் கம்பியையும் பிடுங்கிப் போட்டேன். விடியும்வரை மழை. மறுநாள் இரவு மறுபடி செருகி, டயல் செய்து, கரகரப்பு முடியும்வரை பக்கத்திலேயே நின்று கேட்டேன். நாற்பத்தைந்திலிருந்து எண் நகர ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனேன்.

வணக்கம்.